கிணறு அளந்த தோட்டம்

புங்குடுதீவில், சிறப்பாக எங்கள் இறுப்பிட்டிப் பகுதியில், ஒரு வளவின் கோடிப்புறத்திலே எத்தனை பாத்தி கட்டலாம் என்பதை அந்த வளவின் விஸ்தீரணம் தீர்மானிப்பதில்லை. அதிலுள்ள கிணறே தீர்மானிக்கிறது. பத்துப் பரப்புக் காணி வைத்திருப்பவர் அதில் அரைப் பரப்பை மாத்திரம் கொத்திக் கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் வைத்துவிட்டு, மிகுதியைப் பனைக்கும் ஆட்டுக்கும் விட்டிருப்பதைக் காணும் வெளியூரார், இவர் முயற்சியில்லாதவர் என்று அபிப்பிராயங் கொள்வதுண்டு. அவரே பங்குனிக் கடைசியில் வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பாராயின், அந்த அரைப் பரப்புக்கே எவ்வளவு துணிவும் எவ்வளவு சிக்கனமும் வேண்டியிருந்தன என்பதை உணர்ந்துகொள்வார். சிறுபிராயத்தில் ஐயாவுக்குப் பின்னால் வாளி தூக்கித் திரிந்து கற்றுக்கொண்டதும், பள்ளிக்கூட உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் காலையும் மாலையும் கைவிடாது செய்ததும், இளைப்பாறிய பின் முழுநேர வேலையாகிவிட்டதுமான இந்த வீட்டுத்தோட்டத் தொழிலைப் பற்றி நான் சொல்லத் தகுந்தது ஒன்று உண்டென்றால், அது செடியைக் காட்டிலும் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும்.

எங்கள் தீவுகளில் மேலே கொஞ்சம் மண், கீழே சுண்ணக்கல். ஆறு என்பது கிடையாது. மாரியிலே பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியில் நாற்புறமும் ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல, பாரம் குறைந்த காரணத்தினால் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்ற கணக்கை, 1889ஆம் ஆண்டளவில் கெய்பன் என்னும் ஒல்லாந்த இராணுவப் பொறியியலாளரும், 1901இல் வடகடற் கரையிலுள்ள தீவுகளின் குடிநீரை ஆராய்ந்த ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும் வெவ்வேறாகக் கண்டு வெளியிட்டார்கள். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் எங்கள் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், இங்கிருந்து போய் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர்கள் தேசத்தவர் ஒருவர் இந்த உண்மையை எழுதிவைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு வியப்பு உண்டாவதுண்டு. அந்தக் கணக்கின் மறுபக்கந்தான் தோட்டக்காரனுக்கு முக்கியமானது: அவசரப்பட்டு இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர் 40 அடி மேலெழும்ப முயலும், எழும்பிய உவர் அடுத்த மாரிவரையில் இறங்குவது அரிது.

இந்தக் கணக்கை நான் புத்தகத்திற் படித்தது பிற்காலத்தில். ஐயாவோ கிணற்றை ஒருபோதும் ஒரே மூச்சில் இறைத்தவரல்லர். விடியற்புறத்தில், துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, பட்டையைப் பிடித்து அவர் வார்க்கும் தண்ணீர் பாதிப் பாத்திகளுக்கு மட்டுமே போகும். கிணறு பகல் முழுவதும் ஊறியபின், வெயில் தாழ்ந்த வேளையிலே மற்றைப் பாதிக்குப் போகும். கிணற்றின் உட்சுவரிலே தூக்கலாக வைத்துக் கட்டிய ஒரு கல் இருந்தது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால், எந்தச் செடி எவ்வளவு வாடினாலும் அன்றைய இறைப்பு முடிந்தது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் ஒழுங்கையில் மண்ணெண்ணெய் இயந்திரம் முதன்முதலாகப் பூட்டப்பட்ட வளவிலே, முதல் வருஷம் மிளகாய் பார்ப்போர் கண்ணைப் பறிக்கும்படி காய்த்தது. பின் வந்த வருஷங்களில் அந்தக் கிணற்றிலே சவர்க்காரம் நுரைக்கவில்லை. இயந்திரத்தை நான் குறைசொல்ல வரவில்லை. குடாநாட்டுச் செம்மண்ணிலே அதைக்கொண்டு பெருந்தோட்டஞ் செய்து மானத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் பல. ஆனால் தீவுக் கிணற்றுக்கு வேகம் ஒவ்வாது.

ஆகவே ஒரே தண்ணீரை இரண்டு மூன்று முறை உபயோகிக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இயல்பாகவே உண்டு. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் வாழைக்கும், வாழையைத் தாண்டி ஓடுவது தேசிமரத்துக்கும், அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் போகும். மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைப்பதற்கு, வேலி பிரித்த பழைய பனையோலையைக் கிடங்கு வெட்டித் தாழ்த்து மூடுவோம். அதன்மேல் பூவரசங் குழையும் ஆட்டெருவும் போடுவோம். கடற்கரையில் ஒதுங்கும் சாதாளையும் நல்ல பசளைதான். ஆனால் அதை ஒரு மாரி முழுவதும் மழையிலே கிடக்கவிட்டு, உப்பு நன்றாகக் கழுவுண்ட பின்னரே பாத்திக்குக் கொண்டுவரவேண்டும். ஓலை தாழ்த்த பாத்தியிலே ஒருநாள் வார்த்த தண்ணீர் அடுத்த நாளும் நிற்கும். கறையான் வருவது மெய். வந்தாலும் அந்த ஓலையின் உபகாரத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்மானம்.

இனிக் காலநிலைக்கு வருகிறேன். ஆவணியில் நிலத்தைக் கொத்திப் புரட்டாசியில் நாற்றுமேடை போட்டால், ஐப்பசியில் மழை இறங்கும்; கார்த்திகையில் கனக்கும்; மார்கழியில் தணியும்; தையிலே காய் பறிக்கலாம் என்பது பஞ்சாங்கமும் பெரியோரும் சொல்லும் ஒழுங்கு. யாழ்ப்பாணப் பகுதியின் வருஷ மழை சராசரி 1250 மில்லிமீற்றர் அளவென்றால், அதிலே பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களிற்றான் விழுகிறது. அந்த மழை ஐப்பசியைவிட்டு நழுவும் வருஷங்களும், புரட்டாசியிலே ஒரு நல்ல பாட்டம் பெய்து எல்லாரையும் நாற்று நடப் பண்ணிவிட்டுப் பின் நெடுநாள் முகங்காட்டாத வருஷங்களும், எல்லாம் முடிந்ததென்று வெங்காயம் கிண்டிக் காயவைத்திருக்கும் மாசியிலே வந்து கொட்டும் வருஷங்களும் முன்னரும் இருந்தன. இப்போது அவை அடிக்கடி வருகின்றன என்பது என் அனுபவம்.

இதற்கு எங்கள் ஆச்சி கைக்கொண்ட உபாயத்தைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்றுவரை அறியேன். விதை எவ்வளவு இருந்தாலும் அதை அவர் மூன்று பங்காக்குவார். முதற் பங்கு புரட்டாசிப் பாட்டத்தோடு நிலத்துக்குப் போகும். இரண்டாம் பங்கு கார்த்திகை விளக்கீடு கழிந்தபின் போகும். மூன்றாவது, பொங்கல் முடிந்து மழை விடைபெற்றுக்கொண்ட பின், கிணற்றை மாத்திரம் நம்பி, மிகச் சொற்பமான இடத்திலே போடப்படும். மூன்றும் பலித்த வருஷம் எனக்கு ஞாபகமில்லை. மூன்றும் பொய்த்த வருஷமும் இல்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர், இவ்வாறு பிரித்துப் போடுவதால் விளைச்சல் ஒருசேர வராது, சந்தைக்கு அனுப்ப இயலாது என்றார். அவர் கூறியது சந்தைத் தோட்டத்துக்குச் சரி. அடுப்படிக்காகச் செய்யப்படும் தோட்டத்திலே, காய் ஒருசேர வராமலிருப்பதுதான் விரும்பத்தக்கது.

மழை மிகுந்துவிட்டால் கிணறு நிறைந்து அந்த வருஷம் கவலை தீருமென்று எண்ணுவது இயல்பு. 2008 நவம்பரில் நிஷா என்று பெயரிடப்பட்ட புயல் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 520 மில்லிமீற்றர் மழை பெய்தது. ஒரு வருஷத்து மழையில் ஐந்தில் இரண்டு பங்கு ஏழு நாளிலே வந்துவிட்டது. என் பாத்திகளுக்குமேல் தண்ணீர் நின்றது. கத்தரி வேர் மூச்சடைத்து மஞ்சளாகிச் சரிந்தது. மிளகாயில் ஒன்றும் தப்பவில்லை. மேட்டிலே நட்ட மரவள்ளி மட்டும் நின்றது. கிணறு விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரையில் நிரம்பியிருந்ததைக் கண்டு, இழந்ததை இதனால் ஈடுசெய்யலாம் என்று தேறியிருந்தேன். ஆனால் சுண்ணக்கல் தன் அளவுக்கு மேற்பட்ட நீரை வைத்திருப்பதில்லை. மிகுந்தது வெடிப்புகள் வழியே கடலுக்கு ஓடிவிடுகிறது. அடுத்த சித்திரையிலே தண்ணீர் வழமையான கல்லிலேயே நின்றது. பதமான மழை பல நாள் பெய்வதைத்தான் கிணறு வரவு வைக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் 2016. அந்த வருஷத்து மாரி இலங்கை முழுவதும் பொய்த்தது. வடபகுதியில் நெல் கருகியது. 2017 மாசியிலேயே எங்கள் கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது. உவரை முதலில் அறிவிப்பது வெங்காயமும் பயிற்றையும். இலையின் நுனி காய்ந்து, அந்தக் காய்ச்சல் ஓரம் வழியே உள்ளே நடக்கும். நாக்குக்குத் தெரிவதற்கு முன்னரே இலைக்குத் தெரிந்துவிடும். குடிதண்ணீர் பவுசரில் வந்துகொண்டிருந்த அந்த நாட்களிலே, மனிதருக்கு அளந்து வரும் தண்ணீரைச் செடிக்கு வார்ப்பது தருமமல்லவென்று பாத்திகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் கறிவேப்பிலையையும் இரண்டு முருங்கையையும் மாத்திரம் காத்தோம். எதை முதலிலே கைவிடுவது, எதைக் கடைசிவரை காப்பது என்ற முடிவை வறட்சி வந்தபின் செய்ய முடியாது. அதை நடும்போதே மனத்தில் நிச்சயித்திருக்க வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் தீவுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. வைகாசி தொடங்கி ஆவணிவரை வீசும் சோளகமும் கச்சானும் கடலின் உப்பைத் துமியாகச் சுமந்துகொண்டு வருகின்றன. வேலணையிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் வாணர் தாம்போதியிலே அந்தக் காலத்தில் மிதிவண்டியில் வந்தவர்கள், வீடு சேர்ந்தபின் முகத்தைத் துடைத்தால் கையில் உப்புப் படும். அது இலையில் படிந்து வெயிலேறினால் இலை கருகும். விடியற்காலையில், சூரியன் ஏறுமுன், பூவாளியால் நன்னீர் தெளித்து இலைகளைக் கழுவிவிடுவது ஒன்றே பரிகாரம். அதற்கு வேண்டிய தண்ணீரையும் கிணற்றுக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் கச்சான் திசையில் உயரமான கிடுகுவேலியும், அதற்குள்ளே பூவரசங் கதியால் வரிசையும், அதற்கும் உள்ளே வாழையும் நிற்குமானால், அந்த மூன்றையும் கடந்து வரும் காற்று மிளகாய்ப் பூவை உதிர்க்க வலுவற்றதாகிவிடும். வேலியடைப்பை நான் தோட்ட வேலையின் ஒரு பாதியென்றே மதிக்கிறேன்.

பெரும்புயல் வேறு. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் எங்கள் வடபகுதியையும் உலுக்கிச் சென்றது. அன்று பிற்பகல் வானத்தின் நிறத்தையும் கடலின் இரைச்சலையும் கவனித்த ஐயா, எங்களையெல்லாம் கூப்பிட்டு, குலை தள்ளிய வாழைகளின் இலை முழுவதையும் அடியோடு வெட்டச் சொன்னார். முருங்கையின் கொப்புகளைத் தறித்து வெறும் அடிமரமாக்கினார். பொங்கலுக்கு இலை வேண்டுமே என்று அம்மா விசனப்பட்டார். காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமில்லாமற்போன அந்த வாழைகள் நின்றன. அயலிலே இலையோடு நின்ற வாழைகள் கிடந்தன. தறித்த முருங்கை அடுத்த மாதமே துளிர்விட்டது. வானொலியும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும் இப்போது முன்னதாகவே எச்சரிக்கின்றன. 2020 டிசெம்பரில் புரெவி வந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் நான் செய்தது ஐயா செய்ததே.

சிறு ஆபத்துகளுக்குக் குறைவில்லை. மழை தொடங்கியதும் முருங்கையின் அடிமரத்திலே மயிர்க்கொட்டி திரண்டு படியும். மேனியிற் பட்டால் தடித்துக் கடிக்கும். இருட்டியபின் ஓலைச்சூள் கொளுத்தி மரம் வேகாதபடி பக்குவமாகச் சுட்டுவிடவேண்டும். ஈரவோலையைக் கையால் கிளப்பக் கூடாது. அதன்கீழ் மட்டத்தேளும், சிலவேளை புடையனும் படுத்திருக்கும். மண்வெட்டிப் பிடியால் புரட்டிப் பார்த்தே தூக்கவேண்டும். ஆட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

1991இல் தீவுப் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது நாங்களும் போனோம். போன இடமெல்லாம் வீட்டுக்காரரின் அனுமதியோடு ஒரு மூலையிலே நாலு கத்தரி வைத்தேன். காய்க்குமுன் அங்கிருந்தும் எழும்பவேண்டி வந்ததுண்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிய பின் ஊருக்குத் திரும்பினோம். வளவுக்குள் நுழைவதற்கே பற்றை வெட்டவேண்டியிருந்தது. துலாவும் ஆடுகாலும் இல்லை. கிணற்றின் கட்டிலே ஓர் ஆலங்கன்று வேரோடி, கற்களைப் பெயர்த்திருந்தது. தண்ணீரின்மேல் பாசியும் ஓலையும் மூடியிருந்தன. ஆட்களைப் பிடித்துக் கற்களை எடுத்து, பழைய தண்ணீரைக் கலக்கி இறைத்து, மீண்டும் ஊறவிட்டு, மூன்றாம் நாள் அள்ளிக் குடித்துப் பார்த்தோம். நாங்கள் விட்டுப்போன காலத்திலும் பார்க்க அந்தத் தண்ணீர் நன்றாயிருந்தது. சுற்றுவட்டாரத்திலே ஒரு தசாப்தம் எவரும் இறைக்கவில்லை. பெய்த மழையெல்லாம் நிலத்திலே நின்று உவரைக் கீழே தள்ளியிருந்தது. ஊரார் இல்லாமற்போனதனால் உண்டான அந்த இனிப்பைக் குடித்தபோது என் மனைவி அழுதார். இன்றும் எங்கள் ஊரிலே பூட்டிய வீடுகள் பல. அந்த வளவுகளின் கிணறுகள் நிறைந்துதான் இருக்கின்றன. அயலிலே நாலு துலா ஏறி இறங்கும் சத்தத்தோடு கொஞ்சம் உவர்த் தண்ணீர் கிடைத்தாலும் அதையே நான் விரும்பி ஏற்பேன்.

2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தபோது நாடெங்கும் கமக்காரர் தத்தளித்தார்கள். அந்த வருஷ இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதிலும் நஷ்டம் நீங்கவில்லை. அடுத்த வருஷம் பொருளாதார நெருக்கடி முற்றியதும், வீட்டுத்தோட்டஞ் செய்யும்படி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அப்போது பலர் என் வளவைப் பார்க்க வந்தார்கள். ஆனியிலே, கச்சான் வீசும் காலத்திலே, கிணறு அடியைத் தொடும் வேளையிலே, பத்துப் பாத்தி போடுவதற்கு அவர்கள் ஆயத்தமாக நின்றார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மெச்சினேன். ஒரு பாத்தி மாத்திரம் போடுங்கள், ஓலை தாழுங்கள், ஐப்பசிவரை பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டு நடந்தவர்களின் வளவிலே இன்றும் தோட்டம் இருக்கிறது.

பலனைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லவேண்டும். முதல் மழை விழுந்த சில நாட்களில் வேலியெங்கும் முசுட்டை தானாகப் படரும், குறிஞ்சா தளிர்க்கும், முல்லை கொழுந்துவிடும். விதைக்காமலே கிடைக்கும் இந்த இலைகளை நறுக்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்து, குரக்கன் பிட்டோடு உண்ணும் அந்த ஒருவேளை, வேறெந்த விருந்துக்கும் ஈடாகும். தை பிறந்தால் பயிற்றங்காயும் மரவள்ளியும் முருங்கையிலையும் எங்கள் வளவிலிருந்தே வரும். ஒடியல்மா பக்கத்து வீட்டிலிருந்தும், நண்டும் மீனும் கடற்கரையிலிருந்தும் வரும். எல்லாஞ் சேர்ந்து ஒரு பெரிய பானையிலே கூழாகும். படலையைத் திறந்துகொண்டு அயலவர் வருவார்கள்.

வேலிக்கு அப்பால் வசிக்கும் அக்கா எனக்கு மூத்தவர். காற்றின் குணத்தை என்னிலும் நன்றாய் அறிவார். "தம்பி, வாடை திரும்பியிட்டுது, இனி மழை கிடையாது, பாவலைப் போடு" என்று அவர் சொன்னால் நான் போடுவேன். முதற் காய் அவருக்கே போகும். அவர் அதை வாங்கிக்கொண்டு, "உன்ரை பாவலிலை கைப்புக் காணாதடா தம்பி, தண்ணி கூட விட்டிட்டாய்" என்று சொல்லிவிட்டு, தன் தேசிமரத்திலிருந்து ஒரு மடி நிறையத் தேசிக்காய் தருவார். அவர் சொல்லும் குற்றம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கனடாவிலே, ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் தன் வீட்டுப் பின்வளவிலே பயிற்றையும் கத்தரியும் பாவலும் வைக்கிறான். அங்கே பயம் உவரல்ல, உறைபனி. மே மாதம் 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தினத்துக்குப் பின்னரே நாற்றை வெளியே நடவேண்டும் என்பது அங்குள்ளோர் வழக்கமாம். அதற்கு முன் சித்திரை முழுவதும் யன்னலோரத்துச் சாடிகளிலே நாற்றை வளர்க்கிறான். அந்த நாள் கழிந்தும் ஓர் இரவு குளிர் திரும்பிவந்து நட்டதெல்லாவற்றையும் கருக்கிவிட்டதென்று போன வருஷம் தொலைபேசியிலே துயரப்பட்டான். "மாமா, எப்ப நட்டால் பிழைக்கும்?" என்று கேட்டான். நாளைச் சொல்ல எனக்குத் தெரியாது. விதையை எவ்வாறு பங்கிடுவதென்று சொன்னேன். இவ்வருஷம் அவன் மூன்றாம் பங்கை ஜூன் நடுப்பகுதிவரை போத்தலிலே வைத்திருக்கப் போகிறான். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பீப்பாவும் வாங்கியிருக்கிறான். அந்நாட்களில் இங்கே நான் கச்சான் பக்கத்து வேலியைப் பிரித்து அடைத்துக்கொண்டும், பிரித்த ஓலையைக் கத்தரிப் பாத்திக்குத் தாழ்த்துக்கொண்டும் இருப்பேன்.